ஊரின் வாழ்க்கை ஆட்டக்காரரைத் தரும், கோப்பையைத் தருமா?

கேள்வி கேட்டவர் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் மார்த்தாண்டத்துக்காரர். ஒரு நகரத்தின் வாழ்க்கை முறை, பண்பாடு, மக்களின் குணம் இவையெல்லாம் அந்த ஊர்க் கால்பந்து அணியின் வெற்றி தோல்வியைப் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறார். கூடவே இன்னொன்றும் கேட்கிறார்: கொச்சியில் இத்தனை வெறி இருந்தும் கேரளா பிளாஸ்டர்ஸ் ஏன் கோப்பை எடுக்கவில்லை? கிரிக்கெட் ஊர் என்று பெயர் வாங்கிய சென்னையும் மும்பையும் எப்படி எடுத்தன?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரின் வாழ்க்கை ஆட்டக்காரர்களை உருவாக்கும். எத்தனை பிள்ளைகள் பந்தைத் தொடுகிறார்கள், எந்த வயதில் தொடங்குகிறார்கள், எந்த வயதில் விட்டுவிடுகிறார்கள், எப்படிப்பட்ட ஆட்டம் அவர்கள் காலில் ஊறுகிறது என்பதில் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. கோப்பை விஷயம் வேறு. அங்கே பணம், நிர்வாகம், பயிற்சியாளர், பதினேழு பதினெட்டு வயதுக்குப் பிறகு ஒரு பையனைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு ஆகியவைதான் பெரும்பாலும் பேசும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால், ஜெயித்தால் ஊரின் வீரம் என்கிறோம், தோற்றால் ஊரின் சோம்பல் என்கிறோம்.

கொச்சியையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டர்ஸ் 2014-ல், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோதே வந்த அணி. முதல் சீசனிலேயே இறுதிப் போட்டி. கடைசி நிமிடங்களில் விழுந்த ஒரு கோலில் கொல்கத்தாவிடம் தோல்வி. 2016-ல் மறுபடியும் கொல்கத்தா, அதுவும் கொச்சியிலேயே, பெனால்டியில் தோல்வி. 2022 மார்ச்சில் கோவாவில் ஹைதராபாத்திடம், அதுவும் பெனால்டியில். மூன்று இறுதிப் போட்டிகள், அதில் இரண்டு பெனால்டி வரை போனவை. இதை வைத்து மலையாளிக்கு மன உறுதி இல்லை என்று பேசுவது நியாயமே இல்லை. பெனால்டியில் ஓர் அங்குலம் இப்படியோ அப்படியோ போயிருந்தால், அதே ஆட்கள் கொச்சியின் வெறிதான் கோப்பை வாங்கித் தந்தது என்று எழுதியிருப்பார்கள்.

ஆனால் வேறொன்றைக் கவனியுங்கள். 2014 முதல் 2021 வரை அந்த அணியில் ஏறக்குறைய ஒவ்வொரு சீசனிலும் பயிற்சியாளர் மாறினார். சில சீசன்களில் பாதியிலேயே மாறினார். பயிற்சியாளர் மாறும்போது ஆட்டமுறை மாறும், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் மாறுவார்கள், போன வருடம் கட்டியது கலைந்துபோகும். மஞ்சள் சட்டை போட்டு ஸ்டேடியத்தை நிரப்பிய ஜனம் மட்டும் மாறவே இல்லை. மாறாமல் இருந்ததைக் குற்றம் சொல்கிறோம், மாறிக்கொண்டே இருந்ததை விட்டுவிடுகிறோம்.

அதே கேரளத்தில், கோழிக்கோட்டில், 2017-ல் வந்த கோகுலம் கேரளா அணி 2019-ல் கொல்கத்தாவுக்கே போய் மோகன் பகானைத் தோற்கடித்து, இந்தியாவின் பழைய கால்பந்துப் போட்டிகளில் ஒன்றான டூராண்ட் கோப்பையை எடுத்தது. அப்புறம் 2020-21, 2021-22 இரண்டு சீசனிலும், ஐ.எஸ்.எல்.லோடு தனியாக நடக்கும் இன்னொரு தேசிய லீகான ஐ-லீக் பட்டம். பிளாஸ்டர்ஸுக்கு வரும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் கோகுலத்துக்கு வந்தது சிறு கூட்டம்தான். கொச்சியில் இதற்கு முன்பும் ஒரு கதை நடந்திருக்கிறது. எஃப்.சி. கொச்சின் என்ற கிளப் 1997-ல் பிறந்தது, பிறந்த வருடமே டூராண்ட் கோப்பையை வென்றது, சில ஆண்டுகளில் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் அழிந்துபோனது. ஊர் அதே ஊர், ஜனம் அதே ஜனம்.

மும்பையும் இதைத்தான் காட்டுகிறது. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-லிருந்து முதல் ஆறு சீசன்களில் மும்பை சிட்டிக்கு ஒரு கோப்பைகூட இல்லை. 2019-ன் கடைசியில் மான்செஸ்டர் சிட்டியை நடத்தும் குழுமம் இந்தக் கிளப்பின் பெரும்பங்கை வாங்கியது. 2020-21 சீசனில், லீக் சுற்றில் முதலிடத்துக்குத் தரும் ஷீல்டு, இறுதிப் போட்டியில் வெல்லும் கோப்பை இரண்டும் வந்தன. அந்த ஒன்றிரண்டு வருடத்தில் மும்பைக்காரர்கள் கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கால்பந்துக்கு வந்துவிட்டார்களா என்ன? நல்ல பயிற்சியாளரையும் நல்ல ஆட்டக்காரர்களையும் திட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். சென்னையின் ஐ.எஸ்.எல். அணி 2015-லும் 2017-18-லும் ஜெயித்ததற்கும் மெரினாவின் பண்பாட்டுக்கும் சம்பந்தம் தேடினால் கிடைக்காது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பிள்ளைகள் பந்தடித்து வளர்வது உண்மை, அது பெருமைக்குரிய விஷயம். ஆனாலும் அந்தக் கோப்பைகளை வென்றது பெரும்பாலும் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து சேர்ந்த ஆட்டக்காரர்கள்.

ஊர்தான் காரணம் என்பவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது ஒன்று உண்டு: ஒரே ஊரில் இரண்டு அணி இருந்தால் என்ன சொல்வீர்கள்? 1999 மே 26-ம் தேதி மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்று, ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகள் என்ற சாதனையை முடித்தது. நான்கு நாள் கழித்து, மே 30-ம் தேதி, மான்செஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவிலிருந்து மேலே ஏறுவதற்காகக் கில்லிங்காம் என்ற சின்ன அணியோடு உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தது. இரண்டும் அதே மழை பெய்யும் ஊர், அதே பஞ்சாலைத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு பக்கமும் கத்துகிறார்கள். 2008-ல் அபுதாபி பணம் வந்தது. 2023-ல் சிட்டியும் அந்த மூன்று கோப்பைகளை ஒரே சீசனில் வென்றது. மியூனிக்கிலும் இதே கதை திருப்பிப்போட்டு நடந்தது. ஜெர்மனியின் தேசிய லீக் 1963-ல் தொடங்கியபோது அந்த ஊரிலிருந்து சேர்க்கப்பட்டது 1860 மியூனிக் அணிதான், பயர்ன் இல்லை. 1966-ல் 1860 அணி பட்டமும் வென்றது. இன்று உலகம் அறிந்த பெயர் எது என்று உங்களுக்கே தெரியும். 1860 அணி சமீப ஆண்டுகளில் மூன்றாம் பிரிவில் கிடக்கிறது.

நேப்பிள்ஸ் இன்னும் உருக்கமான உதாரணம். அந்த ஊரைப் போலக் கால்பந்தை மூச்சாக நினைக்கும் ஊர்கள் உலகத்தில் குறைவு. மரடோனா இருந்தபோது 1987-லும் 1990-லும் இத்தாலியப் பட்டம் வந்தது. அடுத்த பட்டம் 2023-ல். நடுவில் கிளப் திவாலாகி மூன்றாம் பிரிவு வரை இறங்கியது. அந்த 33 வருடத்தில் ஊரின் காதல் குறைந்ததாக யாரும் சொல்ல முடியாது.

சரி, அப்படியென்றால் ஊருக்கு ஒரு பங்கும் இல்லையா? உண்டு. இனி சொல்லப்போவது அதைத்தான், எனக்கு மிக நெருக்கமான விஷயமும் இதுதான்.

ஸ்பெயினின் வடக்கே பில்பாவோ. அந்த ஊர் கிளப் நூறு வருடத்துக்கும் மேலாகப் பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையோ, அங்கே ஆட்டம் கற்று வளர்ந்தவர்களையோ மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். உலகம் முழுக்க ஆள் தேடும் பார்சிலோனாவுக்கும் மாட்ரிட்டுக்கும் நடுவில் ஆடி, ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்காத மூன்று அணிகளில் ஒன்றாக இருக்கிறது. 2024-ல் 40 வருடத்துக்குப் பிறகு ஸ்பெயின் அரசர் கோப்பையை எடுத்தது. இங்கே பண்பாடுதான் கிளப்பின் சட்டமாகவே ஆகிவிட்டது. நம் ஊர்ப் பையனைத்தான் ஆட வைக்கப் போகிறோம் என்று முடிவெடுத்த பிறகு, அந்தப் பையனை நன்றாக வளர்த்தே தீர வேண்டும். அதனால் சுற்றுவட்டாரத்தில் உள்ள சின்னச் சின்னக் கிளப்புகள், பள்ளிகள் எல்லாவற்றோடும் உறவு வைத்துக்கொள்கிறார்கள். 1967-ல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளாஸ்கோவின் செல்டிக் அணியும் இப்படித்தான். ஆடிய பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். இன்றைய பணத்தில் அது இனி நடக்காது, ஆனால் ஒரு தொழிலாளர் நகரம் தானாகவே எத்தனை ஆட்டக்காரர்களை விளைவிக்க முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நம் பக்கத்திலேயே அப்படி ஒரு விளைநிலம் இருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு அது பேருந்தில் போய்ப் பார்க்கும் தூரம்தான். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று வரிசையாக மீனவ ஊர்கள். நீரோடியோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த அடி தெற்குக் கொல்லங்கோடு, அப்புறம் பொழியூர், அது கேரளம். மணல் ஒன்று, மீன் ஒன்று, இரு பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு, மரச்சீனியும் மீன்குழம்பும் ஒன்று. மாலை நாலரைக்கு மேல் அந்தக் கரையில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு தேவாலய முற்றத்திலும் பந்து உருளும். ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்) ஒரு கிளப், திருநாள் சமயத்திலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் டோர்னமென்ட், வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன்மார் வாங்கித் தரும் ஜெர்சி. இந்தக் கரையிலிருந்து இரையுமன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் வழியாகப் போய் 2019-20-ல் ஐ.எஸ்.எல். வென்ற கொல்கத்தா அணியில் ஆடினார், இந்திய அணியிலும் இடம்பிடித்தார். பொழியூரைச் சந்தோஷ் டிராபி கிராமம் என்றே சொல்வார்கள்; சந்தோஷ் டிராபி என்பது மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி. கேரள அணிக்கும் வேலை தரும் நிறுவன அணிகளுக்கும் அத்தனை பேரை அந்தச் சின்ன ஊர் தந்திருக்கிறது.

வாழ்க்கை முறை ஆட்டத்தில் எப்படி இறங்குகிறது என்பதை நான் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது தினமும் பார்க்கிறேன். மணலில் பந்து உருளாது. தரையில் தள்ளிவிட்ட பாஸ் பாதி வழியில் புதைந்து நிற்கும். அதனால் இந்தக் கரைப் பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதிலேயே பந்தைத் தூக்கி ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். நெஞ்சில் வாங்குவது, தொடையில் இறக்குவது, விழுவதற்குள் அடிப்பது எல்லாம் சொல்லிக்கொடுக்காமலே வரும். கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கும். முதல் மூன்று நான்கு எட்டில் வேகம் எடுப்பதில் இவர்களை மிஞ்ச, கரையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களின் பிள்ளைகளால் முடிவதில்லை.

அதே பையனைப் புல்தரைக்குக் கூட்டிப் போகும்போது பிரச்சினை தொடங்குகிறது. ஒரு தேர்வு முகாமில் நடந்தது. நன்றாக ஆடக்கூடிய பதினைந்து வயதுப் பையன், முதல்முறையாக ஸ்டட் வைத்த பூட்ஸ். அவனுக்கு வந்த முதல் பாஸை மணலில் நிறுத்துவது போலக் காலை நீட்டினான், பந்து காலுக்கு அடியில் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. இரண்டாவது பந்தைத் தட்டிவிட்டு ஓடினான், மணலில் அது இரண்டடி போகும், புல்லில் எட்டடி போனது, எதிரணித் தடுப்பாட்டக்காரன் எடுத்துக்கொண்டான். இடைவேளையில் வந்து, "சார், பந்து நிக்கவே மாட்டங்கு" என்றான். தேர்வாளர்கள் பார்த்தது அந்த இருபது நிமிடத்தை மட்டும்தான். அவன் திறமைக்குக் குறை இல்லை. வாரத்தில் இரண்டு நாள் புல்லில் ஆடி, ஒரு மாதம் போயிருந்தால் அந்தக் கணக்கு அவன் காலுக்குப் பிடிபட்டிருக்கும். அந்தப் புல்தரைதான் பக்கத்தில் இல்லை. மணலும் குறைந்துகொண்டு வருகிறது. கடல் அரிப்புக்குப் பாறாங்கல் போட்ட இடங்களில் முன்பு பந்தடித்த கரையே இல்லை.

அடுத்தது தொழில். தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர்போனவர்கள். அது அன்றாடம் போய்த் திரும்பும் தொழில் இல்லை, தங்குகடல். கொச்சி போன்ற துறைமுகங்களிலிருந்து விசைப்படகில் கிளம்பினால் வாரக்கணக்கில் கடலில்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பையன் படகில் ஏறிவிட்டால் அவன் கால்பந்து வாழ்க்கை அநேகமாக அங்கேயே முடிந்தது. கரைக்கு வரும் நாட்களில் கிளப்புக்காக ஆடுவான், ஜெயித்தும் கொடுப்பான். ஆனால் ஒரு அணிக்குத் தேவையான தொடர்ச்சியான பயிற்சிக்கு அவனால் வர முடியாது. உலகத்தில் எந்த அணியும் தன் ஆட்டக்காரர்களைச் செதுக்குவது அந்த 17 முதல் 21 வயதுக்குள்தான். எங்கள் கரை அந்த வயதில்தான் அவர்களைக் கடலுக்குக் கொடுத்துவிடுகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்த ஊர்களில் அத்தனை குடும்பங்களின் ஆண்களைக் கொண்டுபோன பிறகு, பல அம்மாமார் பிள்ளையைக் கடலுக்கு விட மனசில்லாமல் இருக்கிறார்கள். பந்தால் ஒரு வேலை கிடைக்குமா என்று என்னிடம் கேட்கும் அம்மாமாருக்குக் கோப்பையெல்லாம் பொருட்டில்லை. அவர்கள் கேட்பது பிள்ளையின் உயிரைப் பற்றி.

இங்கேதான் எல்லையை வைத்துப் பார்க்க வேண்டும். பண்பாடு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால் நீரோடிக்கும் பொழியூருக்கும் ஒரே விளைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொழியூர்ப் பையனுக்கு மாநிலத் தலைநகரம் ஒரு மணி நேரச் சொச்சத்தில் இருக்கிறது. அங்கே விளையாட்டுக்கென்றே நடக்கும் ஜி.வி. ராஜா பள்ளி இருக்கிறது, கல்லூரி அணிகள் இருக்கின்றன, போலீஸ், மின்வாரியம் என்று வேலை தரும் அணிகள் இருக்கின்றன. சந்தோஷ் டிராபியில் ஆடினால் வாழ்க்கையில் ஒரு பிடி கிடைக்கும் என்று அவன் வீட்டில் நம்புகிறார்கள், நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. 2018-ல் கேரளம் கொல்கத்தாவில் பெங்காலைத் தோற்கடித்து அந்தக் கோப்பையை எடுத்தபோது, வேலை இல்லாத ஆட்டக்காரர்களுக்கு வேலை தருவதாக அரசே அறிவித்தது. கேரளம் இதுவரை அந்தக் கோப்பையை ஏழு முறை வென்றிருக்கிறது.

நீரோடிப் பையனுக்கும் திருவனந்தபுரம்தான் பக்கம், ஆனால் அது அவன் மாநிலம் இல்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு அவனுடைய மாநிலத் தேர்வு சென்னைப் பக்கம், 700 கிலோமீட்டருக்கு மேல். தூத்தூர் புனித யூதா கல்லூரி போன்ற இடங்கள் எங்கள் பையன்களை ஓரளவு தாங்குகின்றன. அதற்கு மேலே படி இல்லை. ஒரு காலத்தில் சென்னையில் வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் வேலை கொடுத்தன. இந்தியன் வங்கி 1996-ல் தொடங்கிய தேசிய லீகில் ஆடிய அணி. அந்த வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஒரே மணலில் வளர்ந்த இரண்டு பையன்களில் ஒருவனுக்குப் படிக்கட்டு இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை.

மலப்புறத்துச் செவன்ஸ் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேரளத்தின் கால்பந்துப் பண்பாடு என்றதும் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் காலரி கட்டி, ராத்திரி விளக்கு போட்டு, ஏழு பேர் ஆடும் ஆட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் கூலிக்கு வந்து ஆடுகிறார்கள். கூட்டம் பத்தாயிரத்தைத் தாண்டும் இரவுகள் உண்டு. எனக்கு அந்த ஆட்டம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் சின்ன மைதானம், குறைந்த நேரம், நேராகக் கோலைப் பார்த்து அடிக்கும் அவசரம் என்று பழகிய பையன், பதினொரு பேர் ஆட்டத்தில் பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் திணறுவான். ஒரே சீசனில் இத்தனை ராத்திரி ஆடினால் முட்டியும் போய்விடும். இந்தப் பண்பாடு ரசிகர்களையும் துணிச்சலான ஆட்டக்காரர்களையும் தருகிறது. அதிலிருந்து ஒரு லீக் அணிக்கு வர வேறொரு பள்ளிக்கூடம் வேண்டும்.

ஊரின் பண்பாட்டைவிட உடை மாற்றும் அறையின் பண்பாடுதான் முக்கியம் என்பதற்கு லண்டன் நல்ல சாட்சி. 1996-ல் ஆர்சென் வெங்கர் ஆர்சனலுக்கு வந்தபோது அந்த அணியில் குடிப்பழக்கம் ஆழமாக வேரோடியிருந்தது. தலைவர் டோனி ஆடம்ஸ் தான் குடிக்கு அடிமையாகிவிட்டதை அந்த வருடம்தான் வெளிப்படையாகச் சொன்னார். வெங்கர் சாப்பாட்டை மாற்றினார், பயிற்சியை மாற்றினார், உடம்பை நீட்டி வளைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். 1997-98-ல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் கிடைத்தன. லண்டனின் மதுக்கடைகள் எதுவும் மூடப்படவில்லை. இதை எங்கள் பக்கம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டோர்னமென்ட் ஜெயித்த ராத்திரி குடிக்கக் கொடுத்துப் பையனைக் கெடுக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதை ஊர் வழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு கிளப் நினைத்தால் நிறுத்தலாம், நிறுத்திய கிளப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

பண்பாடும் ஏற்பாடும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க மிசோரம் போக வேண்டும். அங்கே கால்பந்து மோகம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஆனால் 2012-ல் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கி, உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பி, கிளப்புகளுக்குக் கொஞ்சம் பணம் வந்த பிறகுதான் விளைவு தெரிந்தது. 2014-ல் முதல் சந்தோஷ் டிராபி. 2016-17-ல் ஐசால் எஃப்.சி. ஐ-லீக் பட்டம். அந்த அணி அதற்கு முந்தைய சீசனில் கீழே இறங்க வேண்டிய இடத்தில் முடித்த அணி. இந்தியக் கால்பந்தில் எனக்குத் தெரிந்து இதைவிட நம்பிக்கை தரும் கதை கிடையாது.

ஏற்பாடு மட்டும் இருந்து, அது ஊரில் வேர் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோயம்புத்தூர் இருக்கிறது. சென்னை சிட்டி அணி அங்கே ஆடி 2018-19 ஐ-லீக்கை வென்றது. கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்தது. ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால். சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த நாலைந்து பேர், கோல் மழை பொழிந்த பெட்ரோ மான்சி, கூடவே தமிழ்நாட்டுப் பையன்கள். ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் பங்குகூட வாங்கியது. சில ஆண்டுகளுக்குள் அணி தேசிய லீக்கிலிருந்தே மறைந்துவிட்டது. இங்கேதான் ஊரின் பங்கு கடைசியாகத் தெரிகிறது. ஒரு ஊர் ஒரு கிளப்பைத் தன்னுடையது என்று நினைத்துவிட்டால், திவாலானாலும் அது நேப்பிள்ஸ் போலத் திரும்பி எழும். மோகன் பகான் 1889-லிருந்து இருக்கிறது, 1911-ல் ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேய ராணுவ அணியை வென்ற நினைவைக் கொல்கத்தா இன்னும் சுமக்கிறது. அந்தக் கிளப் இன்னும் கோப்பை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சீசனின் வெற்றியைப் பணம் வாங்கித் தரும், நூறு வருட ஆயுளை ஊர்தான் தர வேண்டும்.

நீங்கள் கடைசியில் கேட்டிருந்தீர்கள், நம் மேற்குக் கரையிலிருந்து ஒரு கிளப் தேசிய லீக் வரை போக முடியுமா என்று. முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆட்டக்காரர்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இன்னொரு ஜெர்சி ஸ்பான்சரையும் இன்னொரு இரவு டோர்னமென்டையும் சேர்ப்பதால் அது நடக்காது. தூத்தூருக்கும் நீரோடிக்கும் நடுவில் பங்குகள் சேர்ந்து பராமரிக்கும் ஒரு புல்தரை முதலில் வேண்டும். 13, 15, 17 வயதுப் பிள்ளைகளுக்குத் திருநாளை நம்பாமல் வருடம் முழுக்க நடக்கும் லீக் வேண்டும். எல்லாவற்றையும்விட, பதினேழு வயது முடிந்த இருபது பையன்களுக்கு மூன்று நான்கு வருடம் மாதாமாதம் படகுக் கூலிக்கு ஈடாக ஏதாவது கையில் கொடுக்க ஒரு வழி வேண்டும். அது கல்லூரி உதவித்தொகையாகவும் இருக்கலாம், ஒரு நிறுவனத்தின் வேலையாகவும் இருக்கலாம், வெளிநாட்டு அண்ணன்மார் ஜெர்சிக்குக் கொடுக்கும் பணத்தை ஒன்றாகச் சேர்த்த நிதியாகவும் இருக்கலாம். 2024-ல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் திருவனந்தபுரத்துக்கும் ஒரு அணி இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பையன்களையும் தேர்வுக்குக் கூப்பிடச் சொல்லி அவர்களிடம் பேச, அந்த ஊரில் வேலை பார்க்கும் உங்களைப் போன்றவர்களால் முடியும். நீங்கள் பேசுவதாக இருந்தால் பையன்களின் பெயரும் வயதும் ஆடும் இடமும் எழுதி நான் தருகிறேன்.